உண்ணி முதல் கச்சான் வெயில் வரை: திருகோணமலையில் நாய் வளர்ப்பவர் படித்துக்கொண்டே இருக்க வேண்டியவை

திருகோணமலையில் ஒரு வீட்டுக்கு நாய்க்குட்டி வந்தால் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. சொறிக்குப் பழைய எஞ்சின் ஒயில் பூசினால் சரி என்பார் பெரியப்பா. பாமசியில் நிற்பவர் மாட்டுக்குப் போடும் ஊசி மருந்தொன்றை எடுத்து நீட்டுவார். கைபேசியைத் திறந்தால், பனியில் நடக்கும் நாயின் பாதத்தை எப்படிப் பாதுகாப்பது என்று யாரோ ஒரு அமெரிக்கர் காட்டிக்கொண்டிருப்பார். மூன்று பேரிடமும் அக்கறை இருக்கிறது. ஆனால் எஞ்சின் ஒயிலில் உள்ள நச்சுப் பொருட்கள் தோல் வழியாகவும், நாய் தன்னை நக்கும்போது வாய் வழியாகவும் உடம்புக்குள் போய் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சொறியை உண்டாக்கும் நுண்ணிய உண்ணிப் பூச்சிக்கு இன்றைக்கு வாயால் கொடுக்கும் மாத்திரையே இருக்கிறது. மாட்டு மருந்தின் செறிவு மாட்டின் எடைக்கானது. ஊசிக்குழாயில் ஒரு கோடு தவறினாலே 8 கிலோ நாய்க்கு அது பல மடங்கு அளவாகிவிடும். பனி நம் ஊருக்குச் சம்பந்தமில்லை.

நாய் வளர்ப்பில் நமக்குத் தெரிந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு வயது உண்டு, ஒரு ஊரும் உண்டு. எந்தக் காலத்தில் சொன்னது, எந்தத் தட்பவெப்பத்துக்குச் சொன்னது, எந்த வயது நாய்க்குச் சொன்னது என்ற மூன்று கேள்விகளையும் விடாமல் கேட்பதைத்தான் இங்கே தொடர்ந்து கற்பது என்று சொல்கிறோம். பத்து வருடம் நாய் வளர்த்த அனுபவம் பெரிய விடயம்தான். அந்தப் பத்து வருடத்துக்குள் தடுப்பூசி அட்டவணையே மாறியிருக்கிறது என்பதும் உண்மை.

தடுப்பூசியையே முதலில் எடுத்துக்கொள்வோம். “ஒரு ஊசி போட்டாச்சு, இனிப் பயமில்லை” என்று நினைத்த வீடுகளில்தான் பார்வோ என்ற வைரஸ் கழிச்சல் வந்து குட்டி செத்துப் போகிறது. தாயின் முதற்பாலில் வரும் எதிர்ப்புச் சக்தி குட்டியைச் சில வாரங்கள் காக்கும். அதே சக்தி, போடப்படும் தடுப்பூசியையும் வேலை செய்ய விடாமல் தடுக்கும். அது எந்த வாரத்தில் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு தடவை, குட்டிக்கு 16 வாரம் ஆகும் வரையோ அதைத் தாண்டியோ போட வேண்டியிருக்கிறது. எத்தனை ஊசி போட்டீர்கள் என்பதைவிட, கடைசி ஊசியை எத்தனையாவது வாரத்தில் போட்டீர்கள் என்பதே முக்கியம். முன்பெல்லாம் அடுத்த ஊசி ஒரு வயதில். உலகச் சிறு விலங்கு மிருக வைத்தியச் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டல், அதை 26 வாரத்திலேயே போட்டுவிடலாம் என்கிறது. 16 வாரத்திலும் தாயின் சக்தி மிச்சமிருந்த குட்டிகள், ஒரு வயது வரை பாதுகாப்பில்லாமல் திரிய வேண்டியதில்லை என்பதே காரணம். பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய வைரஸ் நோய்களுக்கான ஊசிகளின் பாதுகாப்பு வளர்ந்த நாயில் மூன்று வருடமோ அதற்கு மேலோ நிற்கும். எலிக்காய்ச்சல் ஊசியின் பாதுகாப்பு ஒரு வருடத்துக்கு மேல் நம்பத்தக்கதல்ல. விசர்நாய்க்கடி ஊசியை இலங்கையில் வருடாவருடம் போடுவதுதான் நடைமுறை. ஒரே அட்டையில் இரண்டு விதமான கணக்கு ஓடுகிறது. அட்டையில் ஊசிக்குப்பியின் லேபல் ஒட்டப்பட்டிருக்கிறதா, அதில் தொகுதி எண்ணும் காலாவதித் திகதியும் தெரிகிறதா என்று பாருங்கள். தடுப்பூசி 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டிய பொருள். கடையில் வாங்கி, வெறும் பையில் போட்டு, ஓட்டோவில் அரை மணித்தியாலம் வெயிலில் கொண்டுவந்த ஊசியை நம்ப முடியாது.

பார்வோ வந்த வீட்டில் அடுத்த குட்டியை வளர்ப்பவர்களுக்கு இன்னொன்று: அந்த வைரஸ் மண்ணிலும் சீமெந்துத் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரணத் தரை கழுவும் திரவங்கள் பல அதைக் கொல்லாது. குளோரின் பிளீச் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, முதலில் அழுக்கைத் தேய்த்துக் கழுவிவிட்டு, பிறகு பிளீச் நீரை ஊற்றிப் பத்து நிமிடம் ஈரமாகவே விடுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் பிளீச் அழுக்கோடு வினைபுரிந்து வீணாகும். மண் முற்றத்தை இப்படிச் சுத்தம் செய்ய முடியாது. அங்கே ஊசி முடியும் வரை புதுக்குட்டியை இறக்காமல் இருப்பதே வழி.

உண்ணி

நம் பக்கத்து நாய்களை அதிகம் வாட்டுவது உண்ணிதான். அதைப் பற்றி அரைகுறையாகத் தெரிந்திருப்பதால் போகும் காசும் கொஞ்சமில்லை. இங்கே நாயில் பெரும்பாலும் காண்பது பழுப்பு நாய் உண்ணி. முட்டையிலிருந்து வரும் ஆறுகால் குஞ்சு, பிறகு எட்டுக்கால் இளம் உண்ணி, பிறகு வளர்ந்த உண்ணி என்று மூன்று நிலை. ஒவ்வொரு நிலையிலும் அது நாயில் ஏறி இரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழுந்து, எங்கோ ஒளிந்து தோல் கழற்றி, மீண்டும் ஏறும். வயிறு நிறைந்த பெண் உண்ணி ஒன்று ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இந்த உண்ணிக்கு மேல்நோக்கி ஏறும் பழக்கம் உண்டு. ஆகவே அது இருக்கும் இடம் நாயின் பாயைவிட அதிகமாகச் சுவர் வெடிப்பு, கதவு நிலையின் இடுக்கு, கிடுகுக் கூரையின் மடிப்பு, விறகுக் குவியல். நாயில் தெரிபவை மொத்தக் கூட்டத்தில் ஒரு சிறு பகுதி. நாயைக் குளிப்பாட்டி மருந்து போட்டும் பத்து நாளில் திரும்ப வந்துவிட்டதே என்று மருந்தைக் குறை சொல்வோம்; வந்தவை சுவரில் காத்திருந்த அடுத்த தொகுதி.

ஆகவே இரண்டு பக்கமும் ஒன்றாகச் செய்ய வேண்டும். நாய்க்கு, அபோக்சோலானர் மாதம் ஒரு தடவை அல்லது புளூராலானர் பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்று, எடைக்கேற்ற மாத்திரையை மிருக வைத்தியர் எழுதித் தருவார். வலிப்பு வந்த நாயாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த மருந்து வகைக்கு அந்த எச்சரிக்கை உண்டு. இடையில் உண்ணி தெரியவில்லை என்று நிறுத்தாமல், குறைந்தது மூன்று நான்கு மாதம் தொடர்ந்து கொடுத்தால்தான் சுவரில் ஒளிந்திருப்பவை ஒவ்வொன்றாக ஏறி, கடித்துச் சாகும். வீட்டுக்கு, வெடிப்புகளைச் சீமெந்தால் அடைப்பது, விறகை நாய் படுக்கும் இடத்திலிருந்து தள்ளி வைப்பது, படுக்கைத் துணியைக் கிழமைக்கு ஒரு தடவை கொதிநீரில் போடுவது. வேப்பெண்ணெயும் மஞ்சளும் பூசுவதில் பலருக்கு நம்பிக்கை உண்டு. உண்ணி நிறைந்த வளவில் அவை மட்டும் போதாது என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. வீட்டில் பூனையும் இருந்தால், பேர்மெத்ரின் கலந்த நாய் மருந்து எதையும் வாங்காதீர்கள். நாயில் பூசிய மருந்து காயும் முன் அதோடு உரசிய பூனைகூட நடுக்கம் வந்து சாகலாம்.

ஒட்டியிருக்கும் உண்ணியைக் கழற்ற நுனி மெல்லிய இடுக்கி வேண்டும். உண்ணியின் ஊதிய வயிற்றைப் பிடிக்காமல், தோலோடு ஒட்டிய தலைப்பகுதியைப் பிடித்து, ஒரே சீராக மேலே இழுங்கள். வயிற்றை நசுக்கினால் உள்ளே இருப்பது நாயின் இரத்தத்துக்குள் போகும். மண்ணெண்ணெய், நெருப்புக்குச்சி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். கழற்றியதை நகத்தில் வைத்து நசுக்காமல், சேர்ஜிக்கல் ஸ்பிரிட் ஊற்றிய சிறு போத்தலில் போடுங்கள். காதின் உள்மடிப்பு, விரல்களுக்கு இடைப்பட்ட தோல், கழுத்துப்பட்டிக்கு அடி, அக்குள், வாலின் அடிப்பகுதி: தினமும் பார்க்க வேண்டிய இடங்கள் இவை.

உண்ணி கொண்டுவரும் நோய்களில் எர்லிக்கியாவும் பபீசியாவும் முக்கியம். இரண்டிலும் காய்ச்சல், சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு, வெளிறிய முரசு (பல்லீறு). எர்லிக்கியாவில் மூக்கால் இரத்தம் வரலாம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரியலாம். பபீசியாவில் சிறுநீர் தேநீர் நிறத்துக்குப் போகலாம். வெளியில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் மருந்து வேறு. எர்லிக்கியா பக்டீரியா என்பதால் டொக்சிசைக்கிளினுக்கு அடங்கும். பபீசியா செங்குருதிக் கலத்துக்குள் வாழும் ஒட்டுண்ணி, அதற்கு வேறு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இரண்டும் ஒரே நாயில் சேர்ந்து வருவதும் உண்டு. இதனால்தான் இரத்தப் பரிசோதனைக்குக் காசு செலவழிக்கச் சொல்கிறார்கள். டொக்சிசைக்கிளின் வழக்கமாக 28 நாள். நாலாம் ஐந்தாம் நாளில் நாய் எழுந்து வாலாட்டும், சாப்பிடும். அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். மிச்சமான கிருமி உடம்புக்குள் தங்கி, மாதங்களோ வருடங்களோ கழித்து எலும்பு மச்சையைத் தாக்கினால் மீட்பது கடினம். இந்த மாத்திரையைப் பாலோடு கொடுக்கக் கூடாது, கல்சியம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெறும் தொண்டையில் தள்ளினாலும் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். சோற்று உருண்டைக்குள் வைத்துக் கொடுத்து, பின்னால் கொஞ்சம் தண்ணீரும் குடிக்க வையுங்கள்.

இதோடு சேர்த்துப் பழக வேண்டிய ஒன்று, முரசைப் பார்ப்பது. நாய் சுகமாக இருக்கும்போதே மேலுதட்டைத் தூக்கி, முரசை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு செக்கனுக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். சில நாய்களுக்கு முரசு இயல்பிலேயே கறுப்பு. அவற்றுக்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள். சுகமான நாளின் நிறம் தெரிந்தவருக்குத்தான் சுகமில்லாத நாளின் நிறம் கண்ணில் படும்.

கச்சான் வெயில்

ஆனி, ஆடியில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது 35 பாகையைத் தாண்டும் பகல்கள் இங்கே சாதாரணம். நாய்க்கு வியர்வையால் உடம்பைக் குளிர்விக்கும் வசதி பாதத்தில் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் இளைப்பில். இளைப்பு வேலை செய்ய நாக்கின் ஈரம் ஆவியாக வேண்டும். கடலோர ஈரக்காற்றில் அது மெதுவாகிறது. நடப்பதும் ஓடுவதும் பகல் வெளுத்து வெயில் ஏறும் முன்னரும், மண் ஆறிய பிறகும் மட்டும். உப்புவெளிக் கடற்கரை மணலில் இறங்கும் முன் புறங்கையை ஏழு செக்கன் மணலில் வையுங்கள். உங்களால் வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. வெப்பத் தாக்கு என்றதும் பூட்டிய கார்தான் எல்லோருக்கும் நினைவு வரும். ஐக்கிய இராச்சியத்தில் மிருக வைத்தியப் பதிவேடுகளைத் திரட்டிச் செய்த ஆய்வில், பெரும்பாலான சம்பவங்களுக்கு வெயிலில் ஓடியதும் நடந்ததுமே காரணமாக இருந்தன. அந்தக் குளிர்ந்த நாட்டிலேயே அப்படியென்றால் இங்கே சொல்லவே வேண்டாம். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு ஆபத்து இன்னும் பல மடங்கு.

பழைய பாடம் ஒன்றை இங்கே மாற்ற வேண்டியிருக்கிறது. வெப்பம் தாக்கிய நாய்க்குக் குளிர்ந்த நீர் ஊற்றக் கூடாது, இரத்தக் குழாய் சுருங்கிச் சூடு உள்ளேயே நிற்கும் என்று நீண்ட காலம் எழுதினார்கள். இப்போது அது கைவிடப்பட்ட கருத்து. இளமையான, சுகமான நாயைக் குளிர்ந்த நீரில் இறக்கினாலும் நல்லதே நடக்கிறது, தாமதம்தான் கொல்கிறது. இன்றைய நடைமுறை: முதலில் குளிர்வி, பிறகு கொண்டு போ. நாய் நிலைதடுமாறினால், முரசு செங்கல் சிவப்பானால், வாந்தியோ இரத்தக் கழிச்சலோ வந்தால், அந்த இடத்திலேயே நிழலில் கிடத்தி, கிணற்று நீரோ குழாய் நீரோ கிடைத்ததை உடம்பு முழுவதும் விடாமல் ஊற்றுங்கள், கூடவே விசிறுங்கள். ஈரத் துவாயால் போர்த்தி விடாதீர்கள். சில நிமிடத்தில் துவாய் சூடேறி, ஆவியாவதைத் தடுத்து நாயை அவித்துவிடும். மயங்கிய நாயின் வாய்க்குள் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகும். உடம்புச் சூடு 39.5 அளவுக்கு இறங்கியதும் நிறுத்திவிட்டு வைத்தியரிடம். நாய் எழுந்து நடந்தாலும் போக வேண்டும். சிறுநீரகப் பாதிப்பும் இரத்தம் உறையாமல் போவதும் அடுத்த ஒன்றிரண்டு நாளில்தான் வெளியே தெரியும்.

இதற்கெல்லாம் வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மோமீற்றர், நாய்க்கென்று தனியாக, இருக்க வேண்டும். நுனியில் தேங்காயெண்ணெய் தடவி, வாலைத் தூக்கி, மலவாயிலில் இரண்டு சென்ரிமீற்றர் அளவு, பக்கச் சுவரில் படும்படி வையுங்கள். 38 முதல் 39.2 வரை இயல்பு. மூக்கு ஈரமா, காது சூடா என்று பார்ப்பதில் பயனில்லை.

கடற்கரை

கரைவலை இழுத்து முடிந்த இடத்தில் வேண்டாத மீன்கள் மணலில் கிடக்கும். அவற்றில் பேத்தையும் இருக்கும். அதன் ஈரல், முட்டைப்பை, தோல் எல்லாவற்றிலும் இருக்கக்கூடிய நஞ்சு நரம்பை மரக்கவைத்து, கடைசியில் மூச்சுத் தசையை நிறுத்தும். காய்ந்தாலும் வெந்தாலும் அது அழியாது. மாற்று மருந்து இல்லை. மூச்சுக்கு உதவி செய்து காத்திருப்பதுதான் சிகிச்சை. நாய் அதைத் தின்றதைக் கண்டால், அறிகுறி வரட்டும் என்று இருக்காமல் உடனே வைத்தியரிடம் ஓட வேண்டும். வீட்டில் உப்புக் கரைத்துக் குடிக்க வைத்து வாந்தி எடுக்க வைப்பது வேண்டாம், உப்பே நஞ்சாகும். இரையோடு விழுங்கிய தூண்டில் முள்ளும் இப்படித்தான். வாயில் தூண்டில் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், குட்டையாக வெட்டவும் வேண்டாம். கழுத்துப்பட்டியில் தளர்வாகக் கட்டி விட்டு எக்ஸ்ரே எடுக்கக்கூடிய இடத்துக்குக் கொண்டு போங்கள். அந்த வசதி எங்கே இருக்கிறது என்பதை இன்றைக்கே கேட்டு எழுதி வைப்பது நல்லது.

கடற்கரை நாய்க்கு “விடு” என்ற ஒரு சொல் உயிர்காக்கும். அதைப் பழக்குவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முள் எடுத்த அவித்த மீனைக் கடலையளவுத் துண்டுகளாக்குங்கள். ஒரு துண்டை மூடிய கைக்குள் வைத்து நாயின் முன் நீட்டுங்கள். முகரும், நக்கும், பிராண்டும். எதுவும் பேசாதீர்கள், கையை இழுக்காதீர்கள். ஒரு கட்டத்தில் மூக்கு ஒரு விரற்கடை பின்வாங்கும். அந்தக் கணத்தில் “சரி” என்று சொல்லி, மற்றக் கையிலிருந்து வேறொரு துண்டு கொடுங்கள். முதல் கையில் இருப்பதை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால், காத்திருந்தால் அது கிடைக்கும் என்றுதான் நாய் கற்கும். “சரி” என்பது ஒரு செக்கனுக்குள் வர வேண்டும். தாமதித்தால், அதற்கிடையில் நாய் செய்த வேறொன்றுக்குப் பரிசு போய்விடும். நாய் கையைக் கண்டதுமே பின்வாங்கும் நிலை வந்த பிறகுதான் “விடு” என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும், அதுவும் ஒரே தடவை. அடுத்து விரித்த கை. அடுத்து தரையில் வைத்துப் பாதத்தால் மறைக்கத் தயாராக நிற்பது. பிறகு முற்றத்தில், கயிற்றில் பிடித்தபடி தாண்டிப் போவது. கடைசியில்தான் கடற்கரை, அங்கும் இரண்டு மீற்றர்க் கயிற்றோடு, நாமே வைத்த பொருளோடு. ஒரு தடவைக்கு மூன்று நிமிடம் போதும். குசினியில் பிடிபட்டதும் நேரே கடற்கரைக்குப் போவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. மற்றது, வாயைப் பிளந்து பிடுங்குவது. அடிக்கடி பிடுங்கப்பட்ட நாய், அடுத்த தடவை நம்மைக் கண்டதும் விழுங்கிவிடும்.

பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் நகரிலும் திரியும் புள்ளிமான்களுக்காகவும் கயிறு அவசியம். துரத்தும் நாயைக் கூப்பிட்டு நிறுத்த முடியும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

அடித்து அடக்குவது பற்றியும் ஒரு வார்த்தை. “நீதான் தலைவன் என்று காட்டு” என்ற அறிவுரை, 1947இல் விலங்கு நடத்தை ஆய்வாளர் ருடொல்ப் ஷென்கெல் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து பரவியது. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரு வேலிக்குள் போட்டால் சண்டைதான். அந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் நேரில் கண்டபின், காட்டுக் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம் என்று 1999இல் எழுதினார். தான் முன்பு எழுதியதையே திருத்திய அந்த அறிஞரை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். ஆனாலும் நாயை மல்லாக்கப் போட்டு அழுத்தும் பயிற்சி இன்னும் ஓயவில்லை. உறுமியதற்கு அடி வாங்கிய நாய் உறுமுவதை நிறுத்தும், பயம் மட்டும் அப்படியே இருக்கும். பிறகு முன்னறிவிப்பில்லாமல் கடிக்கும், பெரும்பாலும் குழந்தையை. உறுமலுக்கு முன்னால் வருபவை: உதட்டை நக்குவது, தூக்கம் வராதபோதும் கொட்டாவி, முகத்தைத் திருப்புவது, கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிவது, உடம்பு விறைத்து அசையாமல் நிற்பது. வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஐந்தையும் காட்டிக் கொடுங்கள்.

குட்டி மூன்று வாரத்திலிருந்து பதினான்கு வாரம் வரை கண்டு பழகியவற்றைத்தான் பின்னாளில் இயல்பு என்று எடுத்துக்கொள்ளும். அந்தக் காலமோ ஊசி முடியாத காலம். மண்ணில் இறக்காமல் கையில் தூக்கிக்கொண்டு சந்தைத் தெரு, கோயில் மேளம், பஸ் இரைச்சல் எல்லாம் தூரத்திலிருந்து காட்டுவதுதான் இடைவழி.

சோறும் மீனும்

இங்கே பெரும்பாலான நாய்களுக்கு வீட்டுச் சாப்பாடுதான். அதில் குறையில்லை, கணக்கு வேண்டும். நாயின் எடையைக் கிலோவில் எடுத்து 0.75ஆம் அடுக்குக்கு உயர்த்தி 70ஆல் பெருக்கினால், சும்மா இருக்கவே தேவைப்படும் கலோரி வரும். 10 கிலோ நாய்க்கு அது 394. கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு அதை 1.6ஆல் பெருக்க, ஏறத்தாழ 630. சமைத்த சோறு 250 கிராம், முள் நீக்கி அவித்த மீன் 200 கிராம், கொஞ்சம் பூசணி அல்லது கரட், ஒரு தேக்கரண்டி எண்ணெய்: அந்த அளவுக்குக் கிட்ட வந்துவிடும். ஆனால் முள் நீக்கிய மீனிலும் இறைச்சியிலும் பொஸ்பரஸ் நிறைய, கல்சியம் மிகக் குறைவு. வருடக்கணக்கில் இப்படியே போனால் உடம்பு எலும்பிலிருந்து கல்சியத்தைக் கரைத்து எடுக்கும். வளரும் குட்டியில் இது சில மாதத்திலேயே கால் வளைவாகத் தெரியும். மேலே சொன்ன சாப்பாட்டுக்கு, அவித்துக் காயவைத்து மாவுபோல அரைத்த முட்டைக்கோது அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகச் சேர்த்தால் கல்சியம் சரியாகும். துத்தநாகம், அயடீன், விற்றமின் ஈ போன்றவற்றுக்கு முட்டைக்கோது உதவாது. 2013இல் கலிபோர்னியாவில் 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்ததில் 95 வீதத்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைவாக இருந்தது. வைத்தியரிடம் கேட்டு ஒரு சத்துக் கலவையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குட்டிக்கு மட்டும் வீட்டுச் சாப்பாட்டில் சோதனை செய்யாமல், குட்டிகளுக்கான முழு உணவையே பெரும்பங்காகக் கொடுங்கள்.

சூடை மீன் மலிந்த நாளில் பச்சையாகப் போடும் பழக்கத்தை விட வேண்டும். அந்த இனத்து மீன்களில் உள்ள ஒரு நொதி விற்றமின் பி1ஐ அழிக்கும். அவித்தால் அந்த நொதி அழிந்துவிடும். குழம்பு ஊற்றிய சோறு வேண்டாம். குழம்பில் கரைந்த வெங்காயமும் உள்ளியும் செங்குருதிக் கலங்களை உடைக்கும். சமைத்த கோழி எலும்பு கூராகச் சிதறும். பனடோல், ஐபுபுரோபன் எதையும் நாமே கொடுக்கக் கூடாது.

எடை சரியா என்று பார்க்கத் தராசுகூட வேண்டாம். கையை விரித்து, விரல் முட்டிகளுக்குக் கீழே புறங்கையைத் தடவிப் பாருங்கள். எலும்பு மெல்லிய தோலுக்கடியில் தட்டுப்படும். விலா அப்படித் தட்டுப்பட வேண்டும். உள்ளங்கைபோல மெத்தென்றிருந்தால் கொழுப்பு, மடக்கிய முட்டிபோலத் துருத்தினால் மெலிவு.

வைத்தியரிடம் போகும்போது

ஒரு சிறு கொப்பி, அதில் மாதம் ஒரு தடவை எடை, ஊசித் திகதிகள், உண்ணி மாத்திரை கொடுத்த நாள், பெட்டை நாயென்றால் பருவத்துக்கு வந்த நாட்கள். “டொக்டர், நாய்க்கு ஒரு மாதிரி” என்றால் அவரும் ஊகிக்கத்தான் வேண்டும். “டொக்டர், ரெண்டு நாளாச் சாப்பாடு பாதிதான். நேற்றுப் பின்னேரம் சூடு 39.9. முரசு வெளிறிக் கிடக்கு. மூண்டு கிழமைக்கு முன்னால காதுக்குள்ள உண்ணி எடுத்தனாங்கள்” என்றால் பாதி வேலை முடிந்தது. நொண்டுவது, இருமுவது, வலிப்பு போன்றவற்றைக் கைபேசியில் படம் பிடித்துக் கொண்டு போங்கள். அங்கே போனதும் நாய் நன்றாகவே நடக்கும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தப் பரிசோதனையின் முடிவு எப்படி வந்தால் சிகிச்சை மாறும்? பதில் நமக்கு நோயையும் விளக்கும், செலவையும் விளக்கும்.

படிக்கும்போதும் சலிக்க வேண்டும். அமெரிக்கப் பக்கங்கள் இதயப்புழுவைப் பற்றி எச்சரிக்கும். இலங்கையில் நுளம்பு பரப்பும் அந்த இனத்துப் புழுக்களில் அதிகம் காண்பது தோலுக்கடியில் வாழும் வேறொன்று. அது மனிதருக்கும் வருகிறது. கருத்தடை ஊசி பற்றியும் பழைய தகவல் இன்னும் சுற்றுகிறது. பெட்டை நாய்க்குப் போடும் புரோஜெஸ்ரோன் வகை ஊசி மலிவு, ஆனால் கருப்பையில் சீழ் பிடிக்கவும் முலையில் கட்டி வரவும் வழிவகுக்கும். சத்திரசிகிச்சைதான் நிலையான வழி. அது செய்யாத பெட்டை, பருவத்துக்கு வந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் அதிகம் தண்ணீர் குடித்துச் சோர்ந்து கிடந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

நாய்க்கு ஏழு எட்டு வயதானதும் கற்க வேண்டியவை மாறும். குடிக்கும் தண்ணீரை அளப்பது அதில் முதலாவது. காலையில் இரண்டு லீற்றர் அளந்து வைத்து, மறுநாள் மிச்சத்தை அளந்து கழியுங்கள். ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிலீற்றருக்கு மேல் போனால் சிறுநீரகம், நீரிழிவு போன்றவற்றைப் பார்க்க வேண்டும். கச்சான் காலத்தில் எல்லா நாயும் கூடக் குடிக்கும் என்பதால் மார்கழியில் ஒரு அளவும் ஆனியில் ஒரு அளவும் கொப்பியில் இருக்கட்டும்.

யாரையாவது நாய் கடித்தால், ஊசி போட்ட நாயாக இருந்தாலும், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அரச வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். மஞ்சளும் கோப்பித்தூளும் அப்ப வேண்டாம். நாயைக் கொல்லாமல் கட்டி வைத்துக் கவனிக்க வேண்டும். அது எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் டொக்டர் மேற்கொண்டு முடிவெடுப்பார்.

இந்த வருட மாரிக்கு முன் செய்ய வேண்டியது எலிக்காய்ச்சல் ஊசி. தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் வயல் பக்கத்து நாய்களுக்கு இது கட்டாயம் என்றே சொல்வோம். பழைய ஊசியில் இரண்டு வகைக் கிருமி, புதியதில் நான்கு. எது இருக்கிறது என்று கேட்டுப் போடுங்கள். முதல் தடவை போடும் நாய்க்கு இரண்டு ஊசி, இடையில் மூன்று நான்கு வாரம். இரண்டாவது போட்டு இரண்டு வாரம் போனால்தான் பாதுகாப்பு முழுமையாகும். ஐப்பசியில் மழை தொடங்கும் என்றால், முதல் ஊசி செப்டெம்பர் தொடக்கத்துக்குள் போயிருக்க வேண்டும்.